ஏரிழுத்த மாட்டின் தொடைக்கறி

கொழுப்பு ஒட்டாத மாட்டுத் தொடைக்கறியைப் பற்றிச் சமைப்பவர்கள் இரண்டு குறை சொல்வார்கள். எவ்வளவு நேரம் அடுப்பில் கிடந்தாலும் வேகாது என்பது ஒன்று. வெந்தபின் வாயில் சக்கையாக நிற்கும் என்பது இன்னொன்று. பழி மாட்டின் மேலோ, கறி வெட்டிக் கொடுத்தவர் மேலோ போய் விழும். தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கை எடுத்துக்கொண்டு யோசித்தால், அந்தப் பழி சேர வேண்டிய இடம் வேறு என்று தெரிகிறது. அங்கே கறி இறுகியதற்குக் காரணம் அந்த மண்ணில் மாடு பார்த்த வேலை. தலைமுறை தலைமுறையாக உழவுக்கும் இறவைக்கும் வண்டிக்கும் மாடு வளர்த்த ஊரில், மாடு உழைத்து ஓய்ந்த பிறகுதான் உணவானது. அந்த இறுகிய தசையில் எதை உலர்த்துவது, எதை வேகவைப்பது, எந்தப் பக்கமாகக் கத்தியை வைப்பது என்று கண்டுகொண்டவர்கள், யாரும் எழுதிவைக்காமலே அதை ஒரு தேர்ந்த அறிவாக வளர்த்தார்கள். கொழுப்பில்லாத கறி என்றாலே மட்டமான கறி என்ற எண்ணம், அந்த அறிவை நம் கண்ணில் படாமல் செய்துவிட்டது. என் வாதம் இவ்வளவுதான். அதற்கான சான்றுகள் மட்டும் பல இடங்களில் சிதறிக் கிடக்கின்றன.

மாடு என்றால் செல்வம் என்று அந்த வட்டாரத்தில் கல்லிலேயே வெட்டிவைத்திருக்கிறார்கள். ஆண்டிபட்டி வட்டத்தில் வைகைக் கரையிலுள்ள புலிமான்கோம்பையில் 2006-ஆம் ஆண்டு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத் தொல்லியலாளர்கள் கண்டெடுத்த நடுகற்கள், தமிழி எழுத்துப் பொறித்தவை. கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை என்று கணிக்கப்பட்டவை. அவற்றுள் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோள் பூசலில், அதாவது மாடு பிடிக்கும் சண்டையில், இறந்த தீயன் அந்தவன் என்பவனுக்காக நட்டது. இன்றும் பள்ளத்தாக்கின் தெற்குக் கோடியில் கூடலூர் என்ற ஊர் இருக்கிறது. ஆநிரை கவர்ந்தவர்கள் அதை என்ன செய்தார்கள் என்பதற்கு அகநானூற்றின் 309-ஆம் பாட்டு விடை தருகிறது. மழவர்கள் கவர்ந்து வந்த நிரையிலிருந்து ஒரு மாட்டைத் தெய்வம் உறையும் வேப்பமரத்தடியில் பலியிட்டு, கறியைப் புழுக்கி உண்டதை அது பாடுகிறது. அங்கே வெட்டப்பட்டது கொழுத்த பசு என்பதைக் கவனிக்க வேண்டும். மேய்ச்சல் வாழ்க்கையிலும் ஆநிரை கவரும் வாழ்க்கையிலும் நல்ல மாட்டை அதன் நல்ல பருவத்திலேயே வெட்ட முடிந்தது. கொழுப்பு அவர்களுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. உழவு வேரூன்றிய பிறகு அந்தக் கணக்கு மாறிவிட்டது. உழவனிடம் இருக்கும் காளை அவனுடைய கருவி. அதைக் கொழுத்த பருவத்தில் வெட்டுவது தன் கையைத் தானே வெட்டிக்கொள்வது. ஆகவே கறி சாப்பிடும் குடும்பங்களுக்குக் கிடைத்தது ஏரும் வண்டியும் இழுத்துத் தீர்ந்த மாடு. மெலிந்த கறியின் வரலாறு இந்தத் திருப்பத்தில் தொடங்குகிறது.

கம்பம் பள்ளத்தாக்கில் அந்த வேலை எவ்வளவு கடுமையானது என்பதற்குக் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளின் கதையே போதும். மேற்கே ஏலமலை மழையைத் தடுத்துவிடுவதால் பள்ளத்தாக்கு மழை மறைவுப் பகுதி. கிணற்றுப் பாசனத்துக்குக் கவலை ஓட்டினார்கள். மாடுகள் சரிவில் இறங்கும்போது தோல் தும்பியோடு சால் மேலே வரும். பின்னோக்கி நடந்து ஏறும்போது சால் கிணற்றுக்குள் இறங்கும். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான தடவை இறங்கி ஏறுகிற அந்த மாட்டின் பாரம் முழுவதும் தொடையில்தான் நிற்கும். பிறகு பெரியாற்றுத் தண்ணீர் வந்தது. 1886 அக்டோபர் 29-ஆம் நாள் திருவிதாங்கூரும் சென்னை மாகாணமும் செய்துகொண்ட 999 ஆண்டுக் குத்தகையின்படி, ஜான் பென்னிகுயிக் கட்டிய அணை 1895 அக்டோபர் 10-ஆம் நாள் திறக்கப்பட்டது. மேற்கே ஓடிய ஆறு மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பியது. பதினாலாயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட வயல்கள் இருபோக நிலமாயின. அணையைப் பாடாத ஊர் அங்கே இல்லை, அது நியாயமானதுதான். ஆனால் இருபோகம் என்பது மாட்டுக்கு இரட்டை வேலை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சேற்றில் தொழி உழவு, பரம்பு, களத்தில் பிணையல், வண்டியில் நெல், வைக்கோல், எரு, எல்லாம் ஆண்டுக்கு இரண்டு முறை. மூணாற்றுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடிக்கும் அம்மையநாயக்கனூர் ரயில் நிலையத்துக்கும் போனது மாட்டு வண்டியில்தான். 1928-இல் போடிக்கு ரயில் வரும்வரை அந்தச் சாலையைச் சுமந்தவை காளைகள்.

இந்த வேலை தசைக்குள் என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஓயாமல் இயங்கும் தசையில் இழைகள் தடிக்கின்றன. அவற்றைக் கட்டிவைக்கும் சவ்வு வலுப்படுகிறது. சவ்வின் முக்கியப் பொருள் கொலாஜன் என்ற புரதம். வயது ஏற ஏற அந்தப் புரத இழைகள் ஒன்றோடொன்று குறுக்கே பிணைந்துகொள்ளும். கன்றின் சவ்வு சீக்கிரம் கரைவதும் பத்து வயதுக் காளையின் சவ்வு கரையாமல் முரண்டுபிடிப்பதும் இதனால்தான். சூடு ஏறும்போது தசையும் சவ்வும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் தசை இழைகள் சுருங்கித் தம்மிடமுள்ள நீரைப் பிழிந்து வெளியே விடும். கொலாஜனோ 70 டிகிரிக்கு மேல் மணிக்கணக்கில் ஈரச் சூட்டில் கிடந்தால்தான் கரைந்து கூழாகும். கொழுப்புள்ள கறியில் இடையே உருகும் கொழுப்பு இந்த வறட்சியை மறைத்துவிடும். கொழுப்பில்லாத கறியில் அந்தத் தயவு கிடையாது. சமைப்பவர்கள் சொல்லும் இரண்டு குறைகளும் இங்கே விளங்குகின்றன. வேகாமல் நிற்பது சவ்வு, சக்கையாவது தசை. முழங்காலுக்குக் கீழுள்ள கறியில் சவ்வு மிகுதி. அதை எத்தனை மணி நேரம் வேகவைத்தாலும் கூழ் சேர்ந்து சுவை கூடும். தொடையின் உட்பக்கத்துத் தனிச் சதையில் சவ்வு குறைவு. அதை அதே அளவு வேகவைத்தால் நூல் நூலாகப் பிரிந்து வறண்டுபோகும். இரண்டையும் ஒரே சட்டியில் போட்டு ஒரே நேரம் கொதிக்கவிட்டால் ஏதாவது ஒன்று கெடத்தான் செய்யும். கறிக்கடையில் ‘எலும்பில்லாமல்’ என்று மட்டும் கேட்டு வாங்குகிறவர், தமக்குத் தெரியாமலே இந்தத் தவறைச் செய்கிறார்.

தசையின் இந்த இயல்பை அறிவியல் நூல்கள் விளக்கும் முன்பே அதற்கேற்ற வழிகளைக் கண்டவர்கள் இருந்தார்கள் என்பதற்கு, நான் முதலில் காட்ட விரும்பும் சான்று உப்புக்கண்டம். அதைச் செய்யும் முறை தென் மாவட்டங்களில் பெரிதாக மாறுவதில்லை. எலும்பில்லாத தொடைக்கறியைக் கொழுப்பும் சவ்வும் நீக்கி நீள வாரிழைகளாக வெட்டுவார்கள். உப்பும் மஞ்சளும், விருப்பப்பட்டால் மிளகாயும் தடவிப் பிசறி ஒரு இரவு வைப்பார்கள். மறுநாள் சரட்டில் கோத்தோ கொடியில் தொங்கவிட்டோ வெயிலில் மூன்று நான்கு நாள் காயவைப்பார்கள். சருகுபோல் காய்ந்ததும் மண்பானையில் போட்டு வேடு கட்டுவார்கள். இதில் ஒவ்வொரு படிக்கும் காரணம் இருக்கிறது. கொழுப்பு வெயிலில் காயாது. காற்றுப் பட்டுச் சிக்கு வாடை அடித்துவிடும். ஆகவே கொழுப்பில்லாத தசைதான் உப்புக்கண்டத்துக்கு ஏற்றது. கறிச்சட்டியில் குறையாகத் தெரிந்தது கொடியில் ஏறியதும் தகுதியாகிவிடுகிறது. பச்சைத் தசையில் முக்கால் பங்கு நீர். உப்பு அந்த நீரை வெளியே இழுக்கிறது. வெயிலும் காற்றும் மீதியைக் கொண்டுபோகின்றன. நீர் குறைந்த இடத்தில் கிருமி வளர முடிவதில்லை. நாரின் போக்கிலேயே நீளமாக வெட்டுவதால் இழை கொடியில் அறுந்து விழாது. சமைக்கும் நேரத்தில் ஊறவைத்துக் குறுக்கே நறுக்குவதாலோ அம்மியில் வைத்துத் தட்டுவதாலோ, நீளநார் முழுவதும் துண்டுபட்டுவிடும். பல் செய்ய வேண்டிய வேலையைக் கல் செய்துவிடுகிறது.

இந்த முறைக்கும் பள்ளத்தாக்கின் காற்றுக்கும் உள்ள உறவு என்னை மிகவும் ஈர்க்கிறது. மழை மறைவுப் பகுதியில் தென்மேற்குப் பருவக்காற்று மலையைத் தாண்டி ஈரத்தை உதறிவிட்டு வேகத்தோடு இறங்குகிறது. ஆண்டிபட்டிப் பக்கத்துக் காற்றாலைகள் அந்த வேகத்தை நம்பி நிற்பவை. தை முதல் பங்குனி வரை வெயிலுக்கும் குறைவில்லை. வெட்டவெளியில் கறி காய்வதற்கு இதைவிட நல்ல இடம் அமையாது. மலை ஏறி இடுக்கிப் பக்கம் போனால் வேறு உலகம். அங்கே மழையும் மூடுபனியும் அதிகம். வெயிலை நம்பிக் கறியைத் தொங்கவிட முடியாது. அதனால் கேரளத்தில் அதே கொழுப்பில்லாத மாட்டுக்கறியை அடுப்புக்கு மேலே தொங்கவிட்டுப் புகையிலும் அனலிலும் உலர்த்தி, பிறகு உரலில் இடித்து இடியிறைச்சி ஆக்கினார்கள். ஒரே மலையின் இரு சரிவுகளில், ஒரே தசைக்கு, ஒரே நோக்கத்தோடு இரண்டு விடைகள். கிழக்கே காற்று, மேற்கே புகை. தென்னாப்பிரிக்கர்கள் பில்டாங் என்னும் உலர்கறிக்கும், தென் அமெரிக்க மலைவாசிகள் சார்க்கிக்கும், துருக்கியர்கள் பாஸ்துர்மாவுக்கும் கொழுப்பில்லாத தசையையே தேடி எடுப்பார்கள். அவரவர் காற்றையும் வெயிலையும் அளந்து அவரவர் கண்ட முறைகள் இவை. கம்பத்துக்காரர்களின் உப்புக்கண்டத்தை இந்த வரிசையில் வைத்துப் பேசுவதற்கு நமக்கு ஏன் தயக்கம் என்பது தெரியவில்லை. ஏலத்தோட்டத்தில் கூலிவேலைக்குப் போய் நாள்கணக்கில் தங்கும் குடும்பத்துக்கு, கெடாத, கனமில்லாத, கஞ்சிக்கும் கேப்பைக்களிக்கும் தொட்டுக்கொள்ளக் கூடிய புரதம் வேறு எதில் கிடைத்திருக்கும்?

பச்சைக்கறியைச் சமைக்கும் முறையிலும் இதே பகுத்தறிவு தெரிகிறது, ஆனால் அது சில்லறையான செய்கைகளில் ஒளிந்திருக்கிறது. கறியைப் பொடியாக நறுக்குவது. நாருக்குக் குறுக்கே கத்தி போவது. முதலில் மஞ்சளும் உப்பும் இஞ்சியும் போட்டு மூடி வேகவைத்து, நீர் வற்றிய பிறகே எண்ணெயில் மிளகோடு பிரட்டுவது. இறுகிய கறியை நேரே எண்ணெயில் போட்டால் வெளியே கருகி உள்ளே இறுகும் என்று தெரிந்தவர்கள் வகுத்த வரிசை இது. ஈரச் சூட்டில் சவ்வு கரைந்த பிறகு வறட்டுச் சூட்டில் மணம் ஏறுகிறது. இல்லாத கொழுப்பை நல்லெண்ணெயும் தேங்காயும் ஈடுசெய்கின்றன. வயதான மாட்டுக்கறிக்குப் பப்பாளிக்காய்த் துண்டைப் போடும் வழக்கம் தமிழ்ச் சமையலில் பரவலாக உண்டு. காயின் பாலிலுள்ள பாப்பெயின் புரத இழைகளை அறுக்கும். கறி மெல்லச் சூடேறும் தொடக்க நேரத்தில்தான் அது நன்றாக வேலை செய்யும், கொதி வந்தபின் அதன் சக்தி அழிந்துவிடும். ஆகையால் முதலிலேயே பிசறி வைப்பதுதான் சரி. கொத்துக்கறியும் கோலா உருண்டையும் இன்னொரு வழி. அரிவாள்மணையிலும் அம்மியிலும் நார் முழுவதையும் அழித்துவிட்டு, பொட்டுக்கடலை மாவையும் தேங்காயையும் சேர்த்துப் பிடித்தால், வறண்டுபோகக் கூடிய தசை ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். மலைத் தோட்டங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. கம்பத்தைவிட ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில் உள்ள குமுளியில் தண்ணீர் ஒன்றரை டிகிரி குறைவாகவே கொதிக்கும். போடிமெட்டில் இன்னும் குறைவு. பிரஷர் குக்கர் வருவதற்கு முன் அங்கே கிழட்டு மாட்டின் கறியை வேகவைக்க விறகும் பொறுமையும் கூடுதலாகவே வேண்டியிருந்திருக்கும்.

இங்கே மூன்று மறுப்புகள் எழும். மூன்றும் எடை உள்ளவை. முதல் மறுப்பு, கம்பம் பள்ளத்தாக்கு மாட்டை வணங்கும் நாடு, அதன் வரலாற்றில் மாட்டுக்கறியை மையமாக வைப்பது சரியா என்பது. கம்பத்தில் நந்தகோபாலன் தம்பிரான் மாட்டுத் தொழுவம் இருக்கிறது. மாட்டுப்பொங்கலன்று மக்கள் திரண்டு வணங்குகிறார்கள். கன்னடம் பேசும் காப்பிலியர்களின் அந்தப் புனித மந்தையைப் பற்றி 1906-இல் மதுரை மாவட்ட விவரச்சுவடியை எழுதிய டபிள்யூ. பிரான்சிஸ் குறித்திருக்கிறார். மந்தைக்கு அரசனாக ஒரு பட்டத்துக் காளை இருப்பதையும், அது இறந்தால் அடுத்ததைத் தேர்ந்தெடுக்கக் கரும்பை முன்வைத்து எது வந்து தின்கிறது என்று பார்ப்பதையும் அவர் சொல்கிறார். இந்தப் பக்தி உண்மையானது, பழையது, மதிக்கத்தக்கது. ஆனால் கடவுளுக்கு விட்ட மந்தையும், ஏரிலும் வண்டியிலும் பூட்டிய மாடும் அதே ஊரில் அடுத்தடுத்து இருந்தன. பின்னதற்கு வயதானபோது அது சந்தைக்குப் போனது, அல்லது கொட்டிலில் செத்தது. அதன் தோல் தும்பியாகவும் செருப்பாகவும் திரும்பி வந்தது. கறி சில தெருக்களில் உலையேறியது. தும்பி இல்லாமல் கவலை இல்லை, கவலை இல்லாமல் தோட்டப்பயிர் இல்லை. வணங்கியவர்களின் விளைச்சலும் அந்தத் தோலின் வழியாகத்தான் வந்தது. கம்பம், உத்தமபாளையம், பெரியகுளம் ஊர்களின் இராவுத்தர் குடும்பங்களும், இராயப்பன்பட்டி போன்ற கத்தோலிக்க ஊர்களும், ஒவ்வொரு ஊரின் தலித் குடியிருப்பும் இந்தப் பள்ளத்தாக்கின் வரலாற்றுக்குள் இருப்பவைதான். அவர்களுடைய சட்டியைத் தவிர்த்துவிட்டு எழுதும் வரலாறு பாதி வரலாறு.

இரண்டாவது மறுப்பு இன்னும் ஆழமானது. இதைச் சமையல் அறிவு என்று கொண்டாடுவது, சாதி திணித்த இழிவை அழகுபடுத்துவதாகாதா? செத்த மாட்டைத் தூக்குவது அருந்ததியர் மீதும் பறையர் மீதும் ஊர் சுமத்திய கட்டாய வேலை. அதற்குக் கூலி அந்த மாட்டின் கறியும் தோலுமே. 1927-இல் மகாடில் அம்பேத்கர் தம் மக்களைச் செத்த மாட்டின் கறியைக் கைவிடச் சொன்னார். 1948-இல் வந்த ‘தீண்டத்தகாதவர்கள்’ நூலில், மாட்டுக்கறி உண்பதை விடாதவர்கள் மீது தீண்டாமை எப்படி ஏற்றப்பட்டது என்று வாதிட்டார். அவர் கைவிடச் சொன்னது அடிமைத்தனத்தின் கூலியை. அந்த விலகல் சுயமரியாதையின் செயல். அதை மறக்கச் சொல்லும் எந்தச் சமையல் பெருமையும் எனக்கு ஏற்புடையதல்ல. ஆனால் கட்டாயத்தால் கையில் வந்த பொருளின் மீது கை காட்டிய திறமை, கட்டாயம் விதித்தவனுடையது அல்ல. கிடைத்த கறி கடைசித் தரமாகக் கிடைத்தது, எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாமல் கிடைத்தது, ஒரே நாளில் தேவைக்கு மேல் கிடைத்தது. இந்த மூன்று நெருக்கடிக்கும் உப்புக்கண்டம் விடை. அதை அறிவு என்று ஏற்க மறுப்பதுதான் பழைய இழிவின் தொடர்ச்சி. மராத்தியில் ஷாகு பாடோலே 2015-இல் மராத்வாடா தலித் வீடுகளின் உணவைப் பற்றி நூலாகவே எழுதினார். காயவைத்த கறி அதில் தலைநிமிர்ந்து நிற்கிறது. தமிழில் 1951-இல் வந்து வீடுதோறும் நுழைந்த மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ சைவச் சமையல். அச்சில் ஏறியது ஒரு சமையலறை; ஏறாதவை பல. கம்பம் பள்ளத்தாக்கின் சேரிப் பெண்களின் கைப்பக்குவத்துக்கும் அப்படி ஒரு நூல் அவர்கள் உயிரோடு இருக்கும்போதே வேண்டும்.

மூன்றாவது மறுப்பு சுவை சார்ந்தது. உலகமெங்கும் கொழுப்பு இழையோடும் கறியைத்தானே உயர்ந்தது என்கிறார்கள், கொழுப்பில்லாத கறியை எவ்வளவு புகழ்ந்தாலும் அது இரண்டாம் தரம்தானே என்பார்கள். அந்த அளவுகோல் எங்கே பிறந்தது என்று பார்த்தால் விடை கிடைக்கும். அமெரிக்க அரசு 1920-களின் இறுதியில் மாட்டுக்கறிக்குத் தர முத்திரை குத்தத் தொடங்கியபோது, இளம் மாட்டின் தசைக்குள் கொழுப்பு எவ்வளவு ஊடாடுகிறது என்பதை முதன்மை அளவாக வைத்தது. மக்காச்சோளம் மிதமிஞ்சி விளைந்து, அதைத் தின்னவே மாடு வளர்த்த நாட்டுக்கு அது பொருந்தும். இங்கே மாட்டுக்குத் தானியம் கொடுத்துக் கொழுக்கவைக்கும் வசதி எந்தக் காலத்திலும் உழவனிடம் இருந்ததில்லை. வைக்கோலும் காட்டு மேய்ச்சலும்தான் தீவனம். அந்த நாட்டு அளவுகோலைக் கொண்டு இந்த மாட்டின் கறியைத் தரம் பிரிப்பது பொருத்தமற்றது. உலகச் சந்தையே அந்த அளவுகோலை எல்லா இடத்திலும் பிடித்துக்கொள்ளவில்லை. எருமைக்கறியைப் பெருமளவில் ஏற்றுமதி செய்யும் நாடுகளில் இந்தியா முன்வரிசையில் இருக்கிறது. வாங்குகிறவர்கள் பதப்படுத்திய உணவுகளுக்காக அதை விரும்புவதற்குக் காரணம், அதில் கொழுப்பு குறைவு என்பதே.

சட்டமும் இந்த மெலிவுக்கு ஒரு கை கொடுத்திருக்கிறது. 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பத்து வயதைத் தாண்டி வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் தகுதியிழந்தது என்றோ, காயத்தாலோ தீராத நோயாலோ நிரந்தரமாக முடங்கியது என்றோ சான்று பெற்ற மாட்டைத்தான் வெட்டலாம். 1976-இல் வந்த அரசாணை பசுவை வெட்டுவதையும் தடுத்தது. உழவுக் காலத்தின் வழக்கத்தைச் சட்டம் எழுத்தில் பூட்டிவிட்டது என்று சொல்லலாம். முறையாக நடக்கும் அறுவைத் தொட்டியில் பெரும்பாலும் முதிய மாட்டின் இறுகிய தசையே கிடைக்கும். ஆக, அந்தக் கறியைச் சமைக்கும் பழைய அறிவு வெறும் பழங்கதை அல்ல.

ஆனால் அந்த அறிவு பிறந்த சூழல் நம் கண் முன்னே கலைந்துகொண்டிருக்கிறது. பெரியாற்றுத் தண்ணீர் குழாயில் இறங்கி லோயர் கேம்ப் மின்நிலையத்தைச் சுழற்றத் தொடங்கியது 1958-இல். மின்சார பம்புசெட்டு வந்த கிணறுகளில் கவலை நின்றது. கவலையோடு தோல் தும்பியும் அதைத் தைத்த கைகளின் தேவையும் போயின. டிராக்டர் வந்து உழவு மாட்டைக் குறைத்தது. மலையில் மேய்ந்து திரிந்த மலைமாட்டு மந்தைகள் எருவுக்காகவும் மஞ்சுவிரட்டுக் காளைகளுக்காகவும் மிஞ்சின. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் உருவானது. 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் முதலில் மாநிலத்தின் காடுகள் அனைத்திலும் மேய்ச்சலைத் தடைசெய்து, பிறகு அதைத் தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள், புலிகள் காப்பகங்கள் என்று சுருக்கியது. சுருக்கிய பிறகும் மலைமாட்டுக்காரர்களுக்கு அது பெரிய அடி. அதற்கு முன் 2017 மே மாதம், இறைச்சிக்காகச் சந்தையில் மாடு விற்பதைத் தடுக்கும் விதிகளை ஒன்றிய அரசு கொண்டுவந்தது. ஒரே வாரத்தில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. ஜூலையில் உச்சநீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் நீட்டித்தது. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகக் கேரளத்துக்கு ஏறும் மாட்டு லாரிகளை நம்பித்தான் வயதான மாட்டுக்கு விலை கிடைக்கிறது. அந்த விலையைச் சேர்த்துத்தான் உழவன் அடுத்த மாடு வாங்குகிறான். இந்த வழி அடைபட்டால் கறி உண்பவரைவிட முதலில் தவிப்பது மாடு வளர்ப்பவர்.

சூழல் மாறும்போது கறியும் மாறுகிறது. வேலை செய்யாமல் வளர்ந்த மாட்டின் தொடை, கொழுப்பில்லாவிட்டாலும், கவலை இழுத்த மாட்டின் தொடை அல்ல. அதில் இழை மெலிது, சவ்வு இளசு. அதைப் பழைய பழக்கத்தில் குக்கரில் எட்டு விசில் விட்டால் பஞ்சாகிச் சுவை செத்துவிடும். நாருக்குக் குறுக்கே மெல்லிய வில்லைகளாக வெட்டி, இஞ்சியும் மிளகும் பிசறி, சூடான இரும்புச் சட்டியில் சில நிமிடம் பிரட்டி, மூடி இறக்கிச் சற்று ஆறவிட்டால் போதும். முதிய காளையின் முழங்கால் கறிக்கு இன்னும் அந்த இரண்டு மூன்று மணி நேரக் கொதி தேவை. இந்த இரண்டையும் பிரித்தறிய, வெட்டுவதற்கு முன் சதையை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும், நிறத்தைப் பார்க்க வேண்டும் — முதிர்ந்தது கருஞ்சிவப்பு, இளசு வெளிறிய சிவப்பு — சவ்வின் வெண்மையும் தடிப்பும் எப்படி என்று பார்க்க வேண்டும், எந்தக் காலின் எந்தப் பகுதி என்று கறிக்கடைக்காரரிடம் கேட்க வேண்டும். உப்புக்கண்டம் போட்ட பாட்டிமார் முதலில் செய்ததும் இதைத்தான். அளவும் நேரமும் அவர்கள் கணக்கில் பிறகுதான் வந்தன.